நாய்க்குத் திமிர் இல்லை, மூத்திரம் முட்டுகிறது: ஐந்து வீட்டாருக்கு ஒரு திறந்த மடல்

நம் கட்டடத்தில் இந்த வருடம் நாய்க்குட்டி வாங்கியிருக்கும் ஐந்து வீட்டாருக்கும் வணக்கம்.

நான் ஏழாவது மாடி. பூச்சி வீடு என்றால்தான் உங்களுக்குத் தெரியும். 13 வருடமாக இந்த லிஃப்டில் ஏறி இறங்கியும் என் பெயர் பாதிப் பேருக்குத் தெரியாது, என் நாய் பூச்சியின் பெயர் எல்லோருக்கும் தெரியும், அதில் எனக்கு வருத்தமும் கிடையாது.

போன வாரம் சங்கக் கூட்டத்தில் நடந்ததைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். இனிமேல் நாய்களை லிஃப்டில் ஏற்றக் கூடாது என்று தீர்மானம் போடலாம் என ஒருவர் எழுந்தார், நாலைந்து பேர் ஆமாம் போட்டார்கள், கடைசியில் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளி வைத்தார்கள். எழுந்தவர் மேல் எனக்குக் கோபமே இல்லை. படிக்கட்டில் மிதித்த கக்காவோடு செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டே கூட்டத்துக்கு வந்திருந்தார், அதற்கு மேல் என்ன ஆதாரம் வேண்டும்? சங்கத்துக்குச் சொல்ல வேண்டியதை அங்கேயே சொல்லிக்கொள்கிறேன். அதற்கு முன்னால் உங்கள் ஐந்து வீட்டோடும் கொஞ்சம் பேச வேண்டும். லிஃப்டில் பார்க்கும்போதெல்லாம் ஏதாவது கேட்கிறீர்கள், நானும் சொல்ல வாயெடுக்கிறேன், அதற்குள் தரைத்தளம் வந்துவிடுகிறது.

முதலில் ஒரு குறை. நீங்கள் கேட்கும் விதம். "வேணும்னே சோபாவில் போகுதுங்க." "தனியா விட்டுட்டுப் போனா பழிவாங்குது." "கூப்பிட்டா வராம திமிரா நிக்குது." "நான்தான் பெரிய ஆளுன்னு காட்டப் பார்க்குது." மருமகளைப் பற்றி மாமியார் பேசுவது மாதிரி இருக்கிறது. மூன்று மாதக் குட்டிக்கு இத்தனை உள்நோக்கம் எங்கிருந்து வரும்? நான் பார்த்தவரை, நாய் எந்தக் கோளாறு செய்தாலும் முதலில் தேட வேண்டியது அதன் குணத்தை இல்லை. சிறுநீர்ப்பை, பல், காது, பயம், சூடு, சலிப்பு என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தால் பெரும்பாலும் அங்கேயே காரணம் மாட்டிவிடும்.

சோபாவிலிருந்தே ஆரம்பிக்கிறேன். குட்டியின் வயதை மாதத்தில் எடுத்துக்கொண்டு அதோடு ஒன்றைக் கூட்டுங்கள், பகலில் அது அடக்கக்கூடிய அதிகபட்ச நேரம் அவ்வளவு மணிதான் என்பது பொதுவான கணக்கு. 2 மாதக் குட்டி என்றால் 3 மணி நேரம், அதுவும் இழுத்துப் பிடித்தால். தூங்கி எழுந்ததும் போகும், சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் போகும், விளையாடிக்கொண்டே இருக்கும்போது திடீரென்று நின்று தரையை மோந்து ஒரு வட்டம் போட்டால் உங்களுக்கு இருப்பது நாலைந்து விநாடி. அந்த வட்டத்தைப் பார்க்கத் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. தூக்கிக்கொண்டு ஓடுங்கள், போக வேண்டிய இடத்தில் இறக்கிவிடுங்கள், போய் முடித்த அந்த நொடியிலேயே ஒரு துண்டு தீனி கொடுத்துக் கொஞ்சுங்கள். வீட்டுக்குள் வந்த பிறகு கொடுத்தால் வீட்டுக்குள் வந்ததற்குக் கொடுத்ததாகத்தான் அது எடுத்துக்கொள்ளும்.

மூன்றாவது மாடியில் குட்டியின் கழுத்தைப் பிடித்து மூக்கை மூத்திரத்தில் தேய்க்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். அந்தக் காலத்தில் எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள், நானும் பூச்சியிடம் ஒருமுறை செய்திருக்கிறேன், மறைக்க விரும்பவில்லை. அதில் அவள் கற்றுக்கொண்டது ஒன்றே ஒன்றுதான்: இந்த ஆள் கண் முன்னால் போகக் கூடாது. அப்புறம் இரண்டு வாரம் திரைச்சீலைக்குப் பின்னால் போனாள், வெளியே கூட்டிப்போனால் என்னைப் பார்த்துக்கொண்டே அடக்கிக்கொண்டு நின்றாள். அப்புறம் துடைக்கும் விஷயம். நமக்கு வாடை போய்விட்டால் சுத்தம் என்று நினைக்கிறோம், அதன் மூக்குக்கு அது போதாது. என்சைம் கலந்த கிளீனர் என்றே விற்கிறார்கள், அதைப் பயன்படுத்துங்கள். அமோனியா வாடை அடிக்கும் கிளீனர் வேண்டாம், மூத்திரத்திலும் அமோனியா இருக்கிறது, ஏற்கெனவே போன இடத்தையே மறுபடி காட்டிக்கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

"தப்பு செஞ்சது அதுக்கே தெரியுதுங்க, மூஞ்சியைப் பார்த்தாலே தெரியுது" என்று இரண்டாவது மாடி அக்கா அடிக்கடி சொல்வார். அக்கா, அந்த முகத்தை 2009ல் ஒரு ஆய்வில் பார்த்திருக்கிறார்கள். அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் என்ற ஆராய்ச்சியாளர் 14 நாய்களை வைத்துச் செய்தது. தின்னக் கூடாது என்று சொல்லி ஒரு தீனியை வைத்துவிட்டு உரிமையாளர் வெளியே போக வேண்டும். திரும்பி வரும்போது நாய் தின்றுவிட்டதா இல்லையா என்று அவரிடம் சொல்வார்கள், சில நேரம் வேண்டுமென்றே பொய்யாக. அந்தக் குற்ற முகம் வந்தது தின்ற நாய்க்கு இல்லை, திட்டு வாங்கிய நாய்க்கு. தின்னாமலே திட்டு வாங்கியவைதான் இன்னும் அதிகமாகக் கூனிக் குறுகின. ஆக நீங்கள் பார்ப்பது குற்ற உணர்ச்சி இல்லை அக்கா, உங்கள் குரலைக் கேட்டு வந்த பயம்.

கடிக்கிற கதைக்கு வருகிறேன். நாலாவது மாடித் தம்பியின் முன்கையைப் பார்த்தேன், கோடு கோடாகக் கீறல். பால்பற்கள் 28, ஒவ்வொன்றும் ஊசி. நாலு மாதம் வாக்கில் விழ ஆரம்பித்து ஆறேழு மாதத்துக்குள் 42 நிரந்தரப் பற்களும் வந்துவிடும், அதுவரைக்கும் ஈறு நமநமக்கும், எதையாவது மெல்லத்தான் செய்யும். மெல்ல அதற்கென்று ஏதாவது கொடுங்கள், கையைக் கடித்தால் விளையாட்டை அந்த இடத்திலேயே நிறுத்திவிட்டு அரை நிமிடம் எழுந்து போய்விடுங்கள். எவ்வளவு அழுத்திக் கடித்தால் வலிக்கும் என்பதைக் குட்டிகள் ஒன்றையொன்று கடித்துத்தான் கற்றுக்கொள்கின்றன. தம்பி உங்கள் குட்டியை ஐந்து வாரத்திலேயே தாயிடமிருந்து பிரித்து விற்றிருக்கிறார்கள், குறைந்தது 8 வாரமாவது அது அங்கே இருந்திருக்க வேண்டும், அந்தப் பாடம் முடிவதற்குள் உங்கள் கைக்கு வந்துவிட்டது. உங்கள் தப்பு இல்லை, ஆனால் மீதிப் பாடத்தை நீங்கள்தான் நடத்த வேண்டும்.

தடுப்பூசி முடியும்வரை வெளியே கொண்டுபோகலாமா என்று ஐந்து வீடும் கேட்டாயிற்று. இதில் நிஜமாகவே ஒரு இக்கட்டு இருக்கிறது. மூன்றாவது வாரத்திலிருந்து பன்னிரண்டு, பதினான்காவது வாரம் வரைக்கும் குட்டி எதைப் பார்க்கிறதோ கேட்கிறதோ அதெல்லாம் அதற்குச் சாதாரணம் ஆகிவிடும். குடை, ஹெல்மெட், சக்கர நாற்காலி, குழந்தை அழும் சத்தம், லிஃப்ட் கதவு. அந்த நாட்களில் பார்க்காததைப் பிற்பாடு பார்த்தால் மிரளும். ஆனால் ஊசி வரிசை முடிவதே ஏறக்குறைய 16 வாரத்தில்தான். ஏன் ஒரே ஊசியாகப் போட்டு முடிக்காமல் இழுக்கிறார்கள் என்றும் கேட்டீர்கள், டாக்டர் காசு பார்க்கிறார் என்றுகூட ஒருவர் சொன்னார். தாயின் சீம்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி குட்டியின் உடம்பில் இருக்கும்வரை அது தடுப்பூசியையும் வேலை செய்ய விடாது. அது எந்த வாரத்தில் தீரும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். அதனால்தான் சில வார இடைவெளியில் திரும்பத் திரும்பப் போடுகிறார்கள், ஏதோ ஒன்று சரியான நேரத்தில் பிடித்துக்கொள்ளும். நடுவில் ஒன்றை விட்டீர்கள் என்றால் அந்த இடைவெளியில்தான் பார்வோ என்ற வைரஸ் நுழையும். அந்த வைரஸ் மண்ணில் ஒரு வருடம்கூடத் தாக்குப்பிடிக்கும், சாதாரண சோப்புக்கெல்லாம் அசையாது. குட்டி சோர்ந்துபோய் வாந்தி எடுத்து, ரத்தமாகப் பேதி போனால் காலையில் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள், அப்போதே கிளம்புங்கள். எங்கள் வீட்டில் பூச்சியைத் துணிப்பையில் உட்காரவைத்துத் தோளில் மாட்டிக்கொண்டு ஊரைக் காட்டினேன். தரையில் விடவில்லை, ஆனால் எல்லாம் பார்த்தாள். நீங்களும் தூக்கிக்கொண்டு போகலாம். தடுப்பூசி போட்ட நாய் இருக்கும் வீட்டுக்குக் கூட்டிவரலாம், ஏழாவது மாடிக் கதவு திறந்துதான் இருக்கிறது, பூச்சி எழுந்து வந்து வரவேற்க மாட்டாள், படுத்துக்கொண்டே பார்ப்பாள்.

தனியாக இருக்கும்போது குரைப்பதும் ஊளையிடுவதும்தான் சங்கத்துக்குப் போன இரண்டாவது புகார். ஆறாவது மாடி வீட்டுக்குட்டி காலை எட்டே முக்காலுக்கு ஆரம்பிக்கிறது, மேலே ஏழாவது மாடியில் எனக்கே கேட்கிறது. நீங்கள் வீட்டில் இல்லாததால் உங்களுக்குக் கேட்காது, நியாயம்தான். ஒரு பழைய ஃபோனை ரெக்கார்டில் போட்டு அலமாரி மேல் வைத்துவிட்டுப் போய்ப் பாருங்கள். போன பத்து இருபது நிமிடத்துக்குள்ளேயே கதவு ஓரத்தைப் பிராண்டுகிறது, வாய் ஒழுகுகிறது, அங்கேயும் இங்கேயும் நடக்கிறது என்றால் அது பதற்றம். அரை நாள் தூங்கி எழுந்து அப்புறம் தலையணையைக் கிழிக்கிறது என்றால் பெரும்பாலும் சலிப்பு. இரண்டுக்கும் வைத்தியம் வேறு. சலிப்புக்கு நடையும் வேலையும் போதும். பதற்றத்துக்கு, பிரிவதையே சின்னச் சின்னதாகப் பழக்க வேண்டும்: சாவியைக் கையில் எடுங்கள், திரும்ப வைத்துவிட்டு உட்காருங்கள். செருப்பைப் போடுங்கள், போகாதீர்கள். கதவுக்கு வெளியே பத்து விநாடி நின்றுவிட்டு உள்ளே வாருங்கள், அப்புறம் அரை நிமிடம், அப்புறம் இரண்டு. அது பதறுவதற்கு முன்னால் நீங்கள் திரும்பி வந்துவிட வேண்டும், சூட்சுமம் அதில்தான் இருக்கிறது. வாரக் கணக்கில் ஆகும், பைத்தியக்காரத்தனமாகத் தோன்றும், நானே என் வீட்டு வாசலில் நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததை எதிர்வீட்டார் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள். "கத்திக் கத்திப் பழகிக்கட்டும்" என்று விட்டால் பழகாது, முற்றும். ரொம்ப மோசமாக இருந்தால் மருந்தும் இருக்கிறது, டாக்டரிடம் கேட்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

நடை என்றேன். இறக்கி, ஒரு கம்பத்தில் காலைத் தூக்கவைத்து, ஏழு நிமிடத்தில் மேலே ஏற்றுவதற்குப் பெயர் நடை இல்லை. அது மோந்து பார்க்கிற இடத்தில் நில்லுங்கள். யார் வந்தது, எப்போது வந்தது, பொட்டையா கடுவனா என்று அது படித்துக்கொண்டிருக்கிறது, பாதிப் பத்தியில் பேப்பரைப் பிடுங்கினால் உங்களுக்கு எப்படி இருக்கும்?

இன்னொன்று. ஐந்தாவது மாடிக்கு ஒரு பயிற்சியாளர் வந்து போகிறார். நாய்க்கு முன்னால் நீங்கள் சாப்பிட வேண்டும், கதவில் நீங்கள்தான் முதலில் போக வேண்டும், அடங்கவில்லை என்றால் மல்லாக்கப் புரட்டி அமுக்கிப் பிடிக்க வேண்டும், நீங்கள்தான் கூட்டத் தலைவர் என்று காட்டணும் என்றெல்லாம் சொல்லிக்கொடுத்திருக்கிறார். இந்தத் தலைவர் கதையின் வேர் 1947ல் இருக்கிறது. ருடால்ஃப் ஷெங்கல் என்பவர் மிருகக்காட்சி சாலையில் அடைத்து வைத்த ஓநாய்களைப் பார்த்து எழுதியது. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத ஓநாய்களை ஒரே அடைப்பில் போட்டால் அடித்துக்கொள்ளாமல் என்ன செய்யும்? அந்தக் கருத்தைப் பரப்பியதில் டேவிட் மெக் என்ற ஓநாய் ஆராய்ச்சியாளருக்கும் பங்கு உண்டு. அவரே 1986 முதல் கனடாவின் வடகோடியில் எல்ஸ்மியர் தீவில் காட்டு ஓநாய்களைக் கோடைக்குக் கோடை போய்ப் பார்த்துவிட்டு 1999ல் மாற்றி எழுதினார்: காட்டில் ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் ஒரு அப்பா, ஒரு அம்மா, அவர்கள் பெற்ற குட்டிகள், அவ்வளவுதான். சண்டை போட்டுப் பிடித்த பதவி ஒன்றும் இல்லை. ஓநாய்க்கே இல்லாத தலைவர் பதவியை நான்கு மாத லாப்ரடாரிடம் நீங்கள் நிரூபிக்கத் தேவையில்லை. புரட்டி அமுக்கினால் அது அடங்கியதாகத் தெரிவது, உயிர்ப்பயத்தில் உறைந்திருப்பது.

உறுமலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் நான் பட்டிருக்கிறேன். பூச்சிக்கு நாலு வயது இருக்கும்போது ஒருநாள் கழுத்துப்பட்டையை மாட்டக் கையைக் கொண்டுபோனேன், உர்ரென்றாள். என்னிடமா என்று எனக்கு வந்ததே கோபம், அதட்டினேன், மூக்கில் ஒரு தட்டும் தட்டினேன். அடுத்த நாளும் உறுமினாள், மறுபடி அதட்டல். மூன்றாம் நாள் உறுமவில்லை. பார், வழிக்கு வந்துவிட்டாள் என்று பெருமையாக இருந்தது. அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்த என் அக்கா பையன் அவள் தலையைத் தடவினான், சத்தமே இல்லாமல் திரும்பிக் கடித்துவிட்டாள். பெரிய கடி இல்லை, கட்டைவிரலில் இரண்டு பல் பதிந்தது. குழாயைத் திறந்துவிட்டு சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவினோம், ஆஸ்பத்திரிக்குப் போனோம், வந்தோம். ராத்திரி எல்லோரும் தூங்கின பிறகு அவள் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாக இடது காதைத் தூக்கிப் பார்த்தேன். உள்ளே மடிப்பு மடிப்பாகச் சிவந்து வீங்கி, பழுப்பு நிறத்தில் பிசுபிசுவென்று அழுக்கு, அப்படியொரு புளித்த வாடை. என் விரல் பட்டதும் உடம்பு முழுக்க ஒரு நடுக்கம், ஆனால் வாயைத் திறக்கவில்லை. திறக்கக் கூடாது என்று நான்தானே சொல்லிக்கொடுத்திருந்தேன்.

மூன்று நாளாக வலிக்கிறது வலிக்கிறது என்று சொல்லியிருக்கிறாள். எச்சரிக்கை மணியை நான் கழற்றிப் போட்டுவிட்டேன், மணி இல்லாமல் நெருப்பு மட்டும் வந்தது.

ஆகவே உறுமினால் அதட்டாதீர்கள், கையை எடுத்துக்கொண்டு விலகுங்கள், அப்புறம் ஏன் என்று யோசியுங்கள். உறுமலுக்கு முன்னாலேயே அது நிறைய சொல்லியிருக்கும். தூக்கமே வராத நேரத்தில் கொட்டாவி, எதுவும் தின்னாமல் உதட்டை நக்குவது, தலையைத் திருப்பிக்கொண்டு கண்ணின் வெள்ளை மட்டும் பிறை மாதிரி தெரிவது, உடம்பு கட்டையாகி நிற்பது. வாலாட்டினால் சந்தோஷம் என்று குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுத்து வைத்திருக்கிறோம், அதுவும் பாதிதான் சரி. இடுப்பே ஆடுகிற மாதிரி தளர்வாக ஆட்டுவது வேறு, உடம்பு விறைத்து வால் மட்டும் உயரத்தில் படபடப்பது வேறு. இரண்டாவது மாடிக் குட்டிப்பையன் நாயைக் கட்டிப்பிடித்து எடுத்த படத்தைக் காட்டினீர்கள், அழகான படம்தான், பையனை விட்டுவிட்டு நாயின் கண்ணை மட்டும் பாருங்கள். சாப்பிடும்போதும் தூங்கும்போதும் நாய் பக்கம் போகக் கூடாது என்பதைப் பையனுக்கும், பையனை நாயோடு தனியாக விடக் கூடாது என்பதை உங்களுக்கும் சொல்லிக்கொள்கிறேன்.

கடி என்று வந்ததால் ஒன்று. யார் வீட்டு நாயாக இருந்தாலும், நம் சொந்தக் குட்டியின் கீறலாக இருந்தாலும், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு டாக்டரிடம் போங்கள். மஞ்சள், எண்ணெய் எதுவும் வைக்க வேண்டாம். ரேபீஸ் அறிகுறி வந்துவிட்டால் அப்புறம் காப்பாற்றுவது ஏறக்குறைய நடக்காத காரியம், வருவதற்கு முன் ஊசி போட்டால் தடுத்துவிடலாம். 1885ல் லூயி பாஸ்டர் ஒரு ஒன்பது வயதுப் பையனுக்குப் போட்ட நாளிலிருந்து நமக்கு இந்த வழி இருக்கிறது. நாய்க்கான ரேபீஸ் ஊசியைத் தேதி தவறாமல் போடுங்கள். வீட்டுக்குள்ளேயே இருக்கிற நாய்க்கு எதற்கு என்று கேட்காதீர்கள், திறந்த கதவு வழியே ஒருமுறை ஓடினால் போதும்.

தீனி விஷயத்தைச் சீக்கிரம் முடிக்கிறேன். சாக்லேட் கூடாது, கறுப்பாக இருக்க இருக்க மோசம், அதிலுள்ள தியோப்ரோமினை நாயின் உடம்பு ரொம்ப மெதுவாகத்தான் வெளியேற்றும். திராட்சையும் உலர்திராட்சையும் சிறுநீரகத்தைக் கெடுக்கும். வெங்காயம், பூண்டு ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். சைலிட்டால் என்று ஒரு இனிப்பு, சர்க்கரை இல்லாத சூயிங்கத்திலும் சில பற்பசைகளிலும் இருக்கிறது, அரை மணி நேரத்துக்குள்ளேயே ரத்தச் சர்க்கரையைத் தடாலென்று இறக்கிவிடும். வெந்த எலும்பு சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் கிழிக்கும். காய்ச்சல் மாதிரி இருக்கிறது என்று பாராசிட்டமாலோ இபுப்ரோஃபெனோ நீங்களாகக் கொடுக்காதீர்கள், நாயின் இயல்பான வெப்பமே 38.3 முதல் 39.2 டிகிரி, தொட்டால் சுடத்தான் செய்யும். விலாவைத் தடவினால் எலும்பு விரலுக்குத் தட்டுப்பட வேண்டும், தட்டுப்படவில்லை என்றால் அளவைக் குறையுங்கள். அவ்வளவுதான்.

உண்ணி. ஐந்தாவது மாடியில் எண்ணெய் ஊற்றியும் தீக்குச்சி காட்டியும் எடுப்பதாகக் கேள்வி. வேண்டாம். சாமணத்தால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள், திருகாதீர்கள், நசுக்காதீர்கள். நாயின் மேல் நீங்கள் பார்ப்பது கொஞ்சம்தான், மிச்சமெல்லாம் சுவர் விரிசலிலும் மெத்தை ஓரத்திலும் இருக்கிறது. ஒரு பெண் உண்ணி வயிறு நிறையக் குடித்துவிட்டுக் கீழே விழுந்து ஆயிரக்கணக்கில் முட்டையிடும். அதனால் ஒரு தடவை மருந்து போட்டுவிட்டு நிறுத்தினால் பிரயோஜனம் இல்லை. உண்ணி கொண்டுவரும் எர்லிக்கியா என்ற கிருமியால் ரத்தத் தட்டணுக்கள் இறங்கும், சாப்பிடாது, சோர்ந்து கிடக்கும், சிலதுக்கு மூக்கில் ரத்தம் வரும். சோம்பேறி ஆகிவிட்டது என்று சொல்வதற்கு முன் ஒரு ரத்தப் பரிசோதனை. ஆறாவது மாடியில் பூனையும் இருக்கிறது, அங்கே கூடுதல் கவனம்: நாய்க்கு முதுகில் விடும் சில மருந்துகளில் பெர்மெத்ரின் இருக்கும், அது பூனையைக் கொன்றுவிடும். அட்டையைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

நாலாவது மாடித் தம்பி, உங்களுடையது பக் இன நாய். அந்தச் சப்பை மூக்கை வைத்துக்கொண்டு அதனால் ஒழுங்காக மூச்சே விட முடியாது, நாய்களுக்கு நம்மைப் போல் உடம்பெல்லாம் வியர்க்காது, நாக்கைத் தொங்கவிட்டு மூச்சு வாங்கித்தான் உடம்பைத் தணித்துக்கொள்ள வேண்டும். மத்தியான வெயிலில் நீங்கள் ஓடும்போது கூடவே ஓட்டிக்கொண்டு போனீர்களே, அது நடுவில் படுத்துக்கொண்டது அடம் இல்லை தம்பி. புறங்கையைத் தரையில் ஏழு விநாடி வைத்துப் பாருங்கள், உங்களால் வைக்க முடியவில்லை என்றால் அதன் பாதமும் தாங்காது. காரில் விட்டுவிட்டு ஐந்து நிமிடத்தில் வருகிறேன் என்பதும் வேண்டாம், வெளியே இதமாக 24 டிகிரி இருக்கும் நாளிலேயே மூடிய காருக்குள் 10 நிமிடத்தில் சுமார் 34, அரை மணி நேரத்தில் 43 ஆகிவிடும். தள்ளாடினால், ஈறு செக்கச்செவேலென்று ஆனால், முதலில் தண்ணீர் ஊற்றி விசிறி போடுங்கள், அப்புறம் டாக்டரிடம் ஓடுங்கள்.

ஐந்தாவது மாடிப் பெண் குட்டிக்கு ஒரு வார்த்தை. ஆறு மாதத்துக்கு மேல் எப்போது வேண்டுமானாலும் முதல் பருவம் வரலாம், கருத்தடை எப்போது என்பதை இப்போதே டாக்டரிடம் பேசிவைத்துக்கொள்ளுங்கள். செய்யாமல் விடுவதாக இருந்தால், பருவம் முடிந்து சில வாரத்தில் தண்ணீராகக் குடித்துக்கொண்டு சாப்பிடாமல் கிடந்தால் கர்ப்பப்பையில் சீழ் பிடித்திருக்கலாம் என்பது நினைவில் இருக்கட்டும். அது ஒரு நாள்கூடத் தள்ளிப்போட முடியாத விஷயம்.

சரி, செருப்புக்கு வருவோம்.

குட்டிகளுக்கு வயிற்றில் உருண்டைப் புழு இருப்பது சர்வ சாதாரணம், தாயிடமிருந்தே வரும். அதனால்தான் சின்ன வயதிலிருந்தே திரும்பத் திரும்பப் பூச்சி மருந்து. (எங்கள் வீட்டில் பூச்சிக்குப் பூச்சி மருந்து கொடுத்தாச்சா என்று கேட்டு 13 வருடமாகச் சிரித்துக்கொண்டிருக்கிறோம், பெயர் வைத்தபோது இதை யாரும் யோசிக்கவில்லை.) கக்காவில் வெளிவரும் அந்தப் புழுவின் முட்டை அன்றைக்கே தொற்றாது, மண்ணில் கிடந்து முற்றுவதற்குக் குறைந்தது இரண்டு வாரமாவது ஆகும். முற்றிவிட்டால் வருடக் கணக்கில் அங்கேயே உயிரோடு இருக்கும், விளையாடப் போகும் குழந்தைகளின் கை வழியாக வாய்க்குப் போகும், சில நேரம் கண் பார்வையைக்கூடப் பாதிக்கும். சுடச்சுட எடுத்துப் பையில் கட்டிக் குப்பையில் போட்டுவிட்டால் அந்தச் சங்கிலி அங்கேயே அறுந்துவிடும். "மண்ணுக்கு உரம்தானே" என்று ஒருவர் என்னிடம் சொன்னார், பெயர் சொல்ல மாட்டேன், லிஃப்டில் சொன்னார், பட்டனைப் பார்த்தால் எந்த மாடி என்று எனக்குத் தெரியும்.

லிஃப்டிலும் அப்படித்தான். வாரைக் குட்டையாகப் பிடித்து நாயை மூலைப் பக்கம் விட்டு நடுவில் நீங்கள் நில்லுங்கள். யாராவது ஏற வந்தால் "வரலாமா, அடுத்ததில் வரட்டுமா" என்று கேளுங்கள். "ஒண்ணும் பண்ணாதுங்க" என்று சொல்லாதீர்கள், பயப்படுகிறவருக்கு அதில் ஒரு சமாதானமும் கிடையாது. நாய்க்குப் பயந்தவரும் ஏதோ காரணத்தோடுதான் பயப்படுகிறார், அவரையும் திமிர் என்று சொல்லிவிட முடியாது.

அடுத்த கூட்டத்துக்கு ஐந்து வீட்டிலிருந்தும் கட்டாயம் ஒருவர் வந்துவிடுங்கள், தடுப்பூசிப் புத்தகத்தைக் கையோடு கொண்டு வாருங்கள். அந்தச் செருப்பை நான்தான் கழுவிக் கொடுத்தேன், ஆனால் அதில் ஒட்டியிருந்தது பூச்சியுடையது இல்லை என்பதையும் இங்கேயே எழுதிவைக்கிறேன். போன வருடம் அவள் படி ஏற மறுத்தபோது, இத்தனை எழுதுகிற நானே "வயசானா அடம் கூடுது" என்று ஒரு மாதம் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்புறம் எக்ஸ்ரேயில் பார்த்தால் இரண்டு இடுப்பு மூட்டும் தேய்ந்து போயிருக்கிறது. அன்றிலிருந்து அவள் படிக்கட்டில் கால் வைக்கவில்லை. லிஃப்ட் வேண்டாம் என்று தீர்மானம் போட்டால் உங்கள் குட்டிகள் குதித்துக்கொண்டு இறங்கிவிடும். பூச்சி 24 கிலோ, ஏழு மாடி, ஒரு நாளைக்கு நாலு தடவை, எனக்கும் முழங்கால் சரியில்லை.

நாளைக் காலை ஆறு மணிக்குக் கீழே இருப்போம். கேட்க வேண்டியதை அங்கே நின்று நிதானமாகக் கேளுங்கள். பை கொண்டுவர மறந்தவர்களுக்கு என்னிடம் ஒரு சுருள் கூடுதலாக இருக்கும்.

இப்படிக்கு,
ஏழாவது மாடி, பூச்சி வீடு